கதவருகே வரும் கால்வலி

ஆத்தூரிலிருந்து பஸ் உலுக்கிய உலுக்கலில் என் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. அரியலூர் போய் ரயில் பிடிக்க நிறைய நேரம் இருக்கிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'முதியோருக்கு இலவச மசாஜ்' என்ற போர்டைப் பார்த்து மாடிப்படி ஏறுகிறேன்.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, ஒயர் கூடையோடு என்னைத் தாண்டி விறுவிறுவென்று ஏறுகிறார். கதவை எட்டியதும் வலது காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்குகிறார்.

உள்ளே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். "ஏம்மா, இப்பத்தானே ஓட்டமா ஏறுனீங்க?"

"மெதுவா பேசுங்க சார். வலி தீந்துபோச்சுன்னா என் இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் இவங்கள எல்லாம் நான் எங்க போயிப் பாக்குறது?"

பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. அவர் கூடையிலிருந்து கிளம்பிய முறுக்கு கைமாறிக் கைமாறி என்னிடமும் வருகிறது.

அவர் முறை வருகிறது. மசாஜ் செய்யும் பெண் எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்து வலது முட்டியைத் தொடுகிறாள்.

"நேத்து இடது கால்லதானம்மா வலின்னீங்க?"

பெஞ்சில் முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றுவிடுகிறது.

"இந்த வயசுல மாறி மாறித்தான் வரும் பாப்பா" என்கிறார் ஓரத்தில் இருக்கும் பெரியவர். ஆமாம் ஆமாம் என்று எல்லாத் தலைகளும் ஆடுகின்றன.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு முட்டியிலும் எண்ணெய் விடுகிறாள்.

"அப்ப ரெண்டும் சரியாவறதுக்கு ரொம்ப நாளாகும். தவறாம வந்துடுங்கம்மா."