துப்புவதற்குச் சம்பளம்

பிஸ்கட் ஃபேக்டரியில் அவருக்கு ருசியார் என்று பெயர். அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, "இனிப்பு தூக்கல்" என்றோ "போகட்டும்" என்றோ சொல்லிவிட்டு வாளியில் துப்ப வேண்டும். துப்புவதற்குச் சம்பளம் கொடுக்கிற புண்ணியவான்கள் வேறெங்கே கிடைப்பார்கள், சொல்லுங்கள்.

அந்த வேலையே அவருக்கு வசதியாகப் போயிற்று. கொஞ்ச காலமாக மனுஷருக்கு மனசே சரியில்லை. காரணம் அவருக்கே தெரியாது. எதை விழுங்கினாலும் தப்புச் செய்துவிட்டது போல உறுத்தும். வயிறு காலியாக இருந்தால்தான் நிம்மதி. வீட்டில் கேட்டால், "ஃபேக்டரியிலயே ஆச்சு" என்பார். ஃபேக்டரியில் கேட்டால், "வீட்லயே ஆச்சு" என்பார். நாளெல்லாம் வாய் அசைகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? "தின்னுக்கிட்டே மெலியறியே, எங்களுக்கும் சொல்லிக் குடேன்" என்று பொறாமைப்பட்டார்கள், பாவிகள்.

மருத்துவ முகாம் வந்தது. ருசியார் நெஞ்சில் நர்ஸ் இ.சி.ஜி. மெஷினின் ஒயரை ஒட்டினாள். துடிப்பு ஆடி அசைந்து வந்தது. நர்ஸ் மெஷினைத் தட்டினாள். மேனேஜரைப் படுக்கவைத்துப் பார்த்தாள், சரியாக ஓடியது. எலக்ட்ரீஷியன் மெஷினைக் கழற்றி மாட்டி, தானும் படுத்துப் பார்த்தான், ஜோராக ஓடியது. ருசியார் படுத்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

"மெஷினுக்கு இவரைப் பிடிக்கல" என்று மேனேஜர் தீர்ப்பளித்தார்.

"ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றார் டாக்டர்.

கூடமே சிரித்தது. "சார், அவர் வேலையே அதுதான்."

டாக்டரும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வேறு மெஷினில் பார்க்கலாம் என்று ஒயரைச் சுருட்டச் சொன்னார்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் மனைவி ஓடிவந்தாள். "மெஷின்தான் கோளாறாமே? வயித்துல பாலை வார்த்தாங்க" என்றாள். கண்ணெல்லாம் ஈரம். அவருக்குத் தாங்கவில்லை. நாலு படி ஏறினாலே கண் இருட்டுகிறது. அடுத்த வாரத்தை நம்ப அவருக்குப் பயமாக இருந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் எதையும் முழுங்கறதில்ல. வீட்ல கட்டாயப்படுத்தினா அங்கயும் துப்பிடறேன்."

"வீட்டுல துப்பறதுக்கு நாங்க சம்பளம் தர்றதில்லையே" என்றார் மேனேஜர், நிஜமாகவே குழம்பிப்போய்.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக எல்லாவற்றையும் கேட்டார். "பட்டினி கிடந்தா இதயமும் மெலியும். மனச்சோர்வும் சேர்ந்துட்டா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும்" என்றார்.

ஆம்புலன்ஸில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் பழக்கதோஷத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றார் அவர்.