சக்களத்திக்கு ஊற்றிய தண்ணீர்

மலர்விழிக்குச் சக்களத்தி வந்து சேர்ந்தது ஒரு தக்காளி டெம்போவின் பின்னால். பாலக்கோடு மண்டியில் லோடு இறக்கிவிட்டு வந்த அந்த டெம்போ, கயிறு கட்டி ஒரு சிவப்புக் காரை இழுத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. கார் என்றால் நாம் தினமும் பார்க்கிற கார் இல்லை. இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மேலே கூரை கிடையாது, உயரமோ ஒரு ஆளின் இடுப்பைத் தாண்டாது. அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சந்திரமோகன் உட்கார்ந்திருந்தார். கல்யாண ஊர்வலத்தில்கூட அவர் முகத்தில் அத்தனை வெளிச்சம் இருந்ததில்லை. எதிர்வீட்டு முனியம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மலரு, உன் வூட்டுக்காரரு உனக்கு சக்களத்தியக் கூட்டியாந்துட்டாருடி" என்றாள். அன்று வைத்த பெயர்தான். வருஷம் பதினைந்துக்கு மேல் ஆகியும் அந்தத் தெருவில் யாரும் அந்தக் காரை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சந்திரமோகன் சர்க்கரை ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். மலர்விழி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஓசூருக்குப் போய்விட்டாள். கார் பெங்களூரில் யாரோ ஒருவருடைய கொட்டகையில் தூசி மூடிக் கிடந்ததாம். அந்த மாடலைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உடம்பு இரும்பு அல்ல, ஃபைபர். உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காது. எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நமக்கு வேணாங்ணா" என்பார். அதனால் என்ன, நம்மவர் யாரையும் தொடச் சொல்லிக் கெஞ்சவில்லை. லீவு நாளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலைக்காரர். விரிசல் விட்ட ஃபைபருக்கு ரெசின் பூசி, தேய்த்துத் தேய்த்து விரல் வைத்தாலும் ஒட்டுத் தெரியாதபடி ஆக்கினார். அந்தத் தூசி முழுக்கக் கொடியில் காய்ந்த சேலைகளில்தான் போய்ப் படிந்தது. வேறொரு காரின் பெரிய பிரேக் டிஸ்க்கை வாங்கிவந்து, லேத் பட்டறையில் தாங்கி கடைந்து இதில் பொருத்தினார். ஏற்கெனவே குள்ளமாக இருந்த வண்டியை இன்னும் குள்ளமாக்க ஸ்பிரிங்கையும் மாற்றினார். கம்பெனி சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பந்தயக்காரர்கள் வைத்துக்கொள்கிற சீட்டு ஒன்றைத் தரையோடு சேர்த்து முடுக்கினார். தரையை ஒட்டிப் போனால்தான் வளைவில் வண்டி நிற்குமாம். அதில் உட்கார்வதும் பாயில் உட்கார்வதும் ஒன்று என்று மலர்விழி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

திட்டிக்கொண்டே அவளும் அதற்கு உழைத்தாள். மழைக்கு மூடுகிற கூரைத்துணியை அவள்தான் தைத்தாள். அந்தத் தடித்த ரெக்சினில் ஊசி ஊசியாக ஒடிந்தது. பிரேக்கில் காற்று எடுப்பதும் ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துச் சின்னத் திருகைத் திறந்து, காற்றையும் எண்ணெயையும் வெளியே விட்டு மூட வேண்டும். மிதிக்கிற கால் எப்போதும் மலர்விழியுடையதுதான். கீழேயிருந்து "மிதி" என்று குரல் வரும். "மிதிச்சிட்டேன்" என்பாள். அடுப்பில் குழம்பு சுண்டிக்கொண்டிருக்க, சக்களத்திக்குக் கால் அமுக்கிவிடுகிற தலையெழுத்து உலகத்தில் வேறு எவளுக்கு உண்டு என்று முனியம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

காருக்கு அவர் பார்த்த பக்குவத்தில் தண்ணீர் விஷயம் தனி. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெந்நீர் போடும் அண்டாவுக்குள் வருஷத்துக்கு ஒருமுறை கரண்டியால் சுரண்டினால் சுண்ணாம்பு ஓடு ஓடாக உதிரும். பல்லில் பழுப்புக் கோடு இல்லாதவரைக் கண்டால் வெளியூரா என்று கேட்பார்கள். பாய்லர்காரருக்கு இது புரியாமல் இருக்குமா? ஆலையில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டு, உப்பு இல்லை என்று காட்டும் நீல நிறம் வந்தால்தான் பாய்லருக்குள் அனுப்புவார்கள். உப்பு படிந்தால் குழாய் போச்சு. அதனால் காரின் ரேடியேட்டருக்கு அவர் வீட்டுத் தண்ணீரை ஒரு சொட்டும் காட்டியதில்லை. ஆலையில் கேட்டு வாங்கி, நீராவி குளிர்ந்து விழுகிற தண்ணீரை ஒரு வெள்ளைக் கேனில் பிடித்துவந்து, கூலன்ட் கலந்து அதைத்தான் ஊற்றுவார். அந்தக் கேனை யாரும் தொடக்கூடாது.

பிறகு ஒகேனக்கல்லிலிருந்து சுத்திகரித்த காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. மலர்விழி குடத்தில் பிடித்துவைத்துக் குடித்தாள், சமைத்தாள். அவர் மட்டும் வாயில் வைத்ததும் முகம் சுளித்தார். மருந்து வாடை அடிக்கிறதாம், சப்பென்று இருக்கிறதாம். சின்ன வயசிலிருந்து குடித்த போர் தண்ணீர்தான் தொண்டையில் இறங்குகிறது என்று சொல்லி, தனக்கு மட்டும் தனியாக ஒரு செம்பில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார். வாய்ருசிக்கு யார் சண்டை போடுவார்கள்? அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் சக்களத்திக்கு நகைமேல் நகையாகச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் அகலக் கண்ணாடி வந்தது. உள்ளே குறுக்கே இன்னொரு நீளக் கண்ணாடி. அப்புறம் கிளட்ச்சை மாற்றினார், கால் வைத்தாலே அமுங்குகிற மாதிரி. அப்புறம் ஒரு பழைய காரிலிருந்து லேசாகத் தொட்டாலே திரும்புகிற, மோட்டார் வைத்த ஸ்டியரிங்கைக் கழற்றிவந்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டிப் பொருத்தினார். இது எதற்கு, அது எதற்கு என்று மலர்விழி ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டாள். "அப்டேட் பண்றண்டி" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிடக் கூப்பிட்டாள், பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டாள். வண்டிக்கு அடியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "மலரு, எந்திரிக்க முடியல."

முனியம்மாளும் அவளும் சேர்ந்து, அவர் படுத்திருந்த தார்ப்பாயோடு இழுத்து வெளியே எடுத்தார்கள். முதுகு பலகை மாதிரி நேராக நின்றது. கழுத்து எந்தப் பக்கமும் அசையவில்லை.

தருமபுரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பு கணுக்கணுவாக இல்லை, ஒரே கோலாக வெள்ளையாக இருந்தது. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். போர் தண்ணீர் என்றார் சந்திரமோகன். வீட்டில் எல்லோருமா என்று கேட்டதற்கு, "இல்லீங்க, நான் மட்டுந்தான்" என்றார். தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு வருஷக்கணக்காக எலும்பிலும் மூட்டிலும் படிந்திருக்கிறது, படிந்ததை எடுக்க மருந்து இல்லை, இனிமேல் படியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொன்னார். சந்திரமோகன் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். படிவு என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வருகிற ஆட்டோவில் மலர்விழிக்கு ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கியது.

"அந்தக் கண்ணாடிய அழகுக்கு மாட்டலியா?" என்று கேட்டாள்.

"கழுத்து திரும்பல."

"கிளட்ச்சு?"

"முட்டி மடங்கல."

ஸ்டியரிங்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. தோள்பட்டை என்று அவளுக்கே தெரிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய வித்துடச் சொல்லுவ" என்றார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கட்டின பெண்டாட்டியிடம் உடம்பை மறைத்து, வலியை எல்லாம் வண்டியில் கொண்டுபோய் ஒளித்துவைத்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? சண்டை போட்டதெல்லாம் நினைவுக்கு வந்து, தன்மேலும் கோபம் வந்தது. வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தாள்.

கார் கூரைத்துணிக்குள் மூடிக் கிடந்தது. அவர் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. கட்டிலில் படுத்தால் படுத்தது, நாற்காலியில் உட்காரவைத்தால் உட்கார்ந்தது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒகேனக்கல் தண்ணீரைக் கொடுத்தால் ஒரு மடக்கோடு செம்பைத் தள்ளிவைத்துவிடுவார். இனி என்ன படிந்தால் என்ன என்கிற மாதிரி. ஆள் இப்படியே மண்ணாகிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் ஓசூரிலிருந்து ரஞ்சித்குமார் என்றொரு இளைஞன் வந்தான். காரை விற்கச் சந்திரமோகன்தான் யாரிடமோ சொல்லி வரவழைத்திருந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். இவ்வளவு தாழ்வாக ஒரு வண்டியை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை, இதற்காகவே எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஏன் கொடுக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். சந்திரமோகன் வாசலைப் பார்த்தபடி, "ஏறி எறங்க முடியலீங்க தம்பி" என்றார்.

அந்த ஒரு வார்த்தை மலர்விழியைச் சுட்டது. இத்தனை வருஷமும் தொலைந்தால் போதும் என்று அவள் சபித்த கார்தான். ஆனால் அது வாசலைத் தாண்டினால் பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. டீ டம்ளரைப் பையனிடம் கொடுத்துவிட்டு, "வண்டி விக்கறதுக்கு இல்ல தம்பி. கோச்சிக்காதீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பரணில் ஏறினாள். கம்பெனி சீட்டு அங்கேயே கிடந்தது. மாற்றிய பழைய ஸ்பிரிங்கும் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி இருந்தது. எதையும் எறியாத மனுஷன்! என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் அவர் பதறினார். உசத்தினால் அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, அப்புறம் சும்மா ஒரு வண்டிதான் என்றார்.

"நீங்க ஏறாத வண்டி எதுவா இருந்தா எனக்கென்ன" என்றாள்.

முதலில் அவர் பேசவில்லை. அவள் ஸ்பேனரைத் தப்பாகப் போட்டுப் போல்ட்டின் தலையை வழுக்க விட்டதும் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் சொல்ல, அவள் செய்தாள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவியை இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தெறித்து ஆளையே அடித்துவிடும். தையற்காரி கைக்கு அந்த நிதானம் புதுசில்லை. பல வாரம் ஆயிற்று. வண்டி நாலு விரல் உயர்ந்தது. உயரக் கட்டை வைத்துப் பழைய சீட்டைப் பூட்டினாள். முனியம்மாள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சந்திரமோகன் முதுகு வளையாமலே பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே போனார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிரேக்கில் காற்று எடுக்க வேண்டியிருந்தது. இப்போது மலர்விழி சக்கரத்தருகே தரையில் படுத்தாள்.

"மிதிங்க."

மடங்காத காலை அவர் இடுப்பிலிருந்து தள்ளுவது சீட்டு கிறீச்சிட்டதில் தெரிந்தது. "மிதிச்சிட்டேன்" என்றார். படுத்த இடத்திலேயே அவள் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

கடைசியாக ரேடியேட்டர். பழைய தண்ணீரை இறக்கிவிட்டு மேல்குழாயைக் கழற்றச் சொன்னார், கழற்றினாள். உள்ளே எப்படி இருக்கிறது என்று செல்போன் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தாள். நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. துளி வெள்ளை இல்லை, துளி ஓடு இல்லை. ஒவ்வொரு குழாயும் பளபளத்தது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அவ வயித்துல ஒரு பொட்டு அழுக்கு இல்லீங்க" என்றாள். "எது படியும், எது படியாதுன்னு ஆலைக்கே பாத்துச் சொன்னீங்க. இவளுக்குப் பாத்தீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் பாக்கல?"

அந்தக் கேள்வியை அவர் எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

குழாயைத் திரும்ப மாட்டி முடுக்கிவிட்டு அவள் பின்பக்கம் போனாள். போரில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துவந்து, புனலை வைத்து ரேடியேட்டரில் ஊற்றத் தொடங்கினாள். சீட்டில் இருந்தவரின் கை தானாக எழுந்தது.

"அது உப்புத் தண்ணி மலரு. படிஞ்சிடும்."

"படியட்டும். இனிமே அதை இவ குடிக்கட்டும்."

வாளி தீரும்வரை ஊற்றி மூடியைத் திருகினாள். பிறகு உள்ளே போய்க் குழாய்த் தண்ணீரைச் செம்பு நிறையக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அண்ணாந்து குடிக்க அவர் கழுத்து வளையவில்லை. செம்பில் வாய்வைத்துக் குடிக்கப் பிடிக்காத மனுஷன். அவளே செம்பை வாங்கி அவர் உதட்டோடு வைத்துச் சாய்த்துப் பிடித்தாள். மருந்து வாடை அன்றைக்கு நிறையவே இருந்தது. அவர் நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.