புறமுதுகு காட்டியவர்களுக்கும் ஓர் அதிகாரம்

போன கிழமை எங்கள் நகரத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் யாரோ வீடு மாறிப் போகையில் தெருவோரம் விட்டுச் சென்ற பெட்டியில் ஓர் அரபுப் புத்தகம் கிடந்தது. நம் வழக்கப்படி திறந்தேன். வலமிருந்து எழுதும் அரபுக்கு அது கடைசிப் பக்கம். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கரீமின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் லாசாலில், அட்டைப்பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் அவன் எனக்கு எதிர்மேசை. பக்தாத்தில் இலக்கியம் படிப்பித்தவன். பட்டாளத்திலிருந்து தப்பி வந்தவன். எங்கள் இருவருக்கும் பொது மொழி அரைகுறைப் பிரெஞ்சு. அதற்குள் பழைய அரபு வீரப்பாட்டுத் தொகைகள் எப்படித்தான் நுழைந்தனவோ! பனியில் வழி அடைபட்ட ஒரு புலவர், தங்கிய வீட்டுப் புத்தகங்களைப் புரட்டி அப்படியொரு தொகையைச் செய்தாராம். எங்களுக்குப் பனியால் பஸ் பிந்தியதுதான் மிச்சம்.

இன்னொரு தொகையில், களத்தை விட்டு ஓடியவர்களின் பாட்டுகளுக்கும் ஓர் அதிகாரம் உண்டு என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். நமக்கு முதுகில் புண் என்றாலே மானம் போச்சு. நானும் ஊர்ச் சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவன்தானே. அவன் சொல்லச் சொல்ல மூன்று பாட்டுகளைத் தமிழில் எழுதினேன். இரண்டு வீரம், ஒன்று ஓட்டம். ஊரில் அவனைக் கோழை என்றார்களாம். அந்த மூன்றாவது ஏதாவதொரு மொழியில் அச்சில் வரவேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரிக் காத்திருந்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட மலரின் ஆசிரியர் பரமு அண்ணை, மூன்றையும் வாங்கி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“முதல் ரெண்டும் நல்லம். மற்றது வேண்டாம் தம்பி. ஓடினவனுக்குப் பாட்டே? சனம் என்ன கதைக்கும்?”

“நாங்கள் எப்பிடி அண்ணை இஞ்ச வந்தனாங்கள்?”

“அதைப் பேந்து பாப்பம்.”

அவர் மூன்று பிள்ளைகளோடு இரவல் கடவுச்சீட்டில் வந்தவர். நானும் மேலே வாதாடவில்லை.

முதல் இரண்டு பாட்டுகளோடு மட்டும் மலர் வந்ததும் கரீம் வலமிருந்து இடமாக விரலை ஓட்டி, ஓடியவனின் பாட்டு எது என்று கேட்டான். நான் ஒரு வீரப்பாட்டைக் காட்டினேன். அதை ஒழுங்காக வெட்டி, மடித்து, பணப்பையில் வைத்துக்கொண்டான். “மெர்சி” என்று இரண்டுதரம் நன்றி சொன்னான்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மலர் நின்றுபோனது. பரமு அண்ணையும் இல்லை. கரீம் கல்கரிப் பக்கம் போய், அங்கேயே இறந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் அவ்வளவு காலமும் சுமந்த பாட்டில் ஒருவன் அசையாமல் நின்று சாகிறான். அது அவனுடைய பாட்டு இல்லை என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. இப்போதும் வெட்கமாக இருக்கிறது.