கார்லன் மாபரியின் மார்பில் விழுந்த சிவப்புப் புள்ளி

சீடர் ஃபோர்க் பக்கம் வீடு வாங்கியவர்களைக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் நெல்டா ஹார்கிஸ் காட்டிய வீட்டைத்தான் வாங்கியிருப்பார்கள். அவளுக்கு வாய்ஜாலம் எல்லாம் கிடையாது. கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவாள். கிணற்றுத் தண்ணீரில் கந்தக வாடை அடித்தால், முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டு மோந்து பார்க்கச் சொல்வாள். அதனாலேயே அந்த ஆர்க்கன்சா மலைப்பக்கத்து ஜனங்கள் அவளிடம் நம்பிச் சாவியைக் கொடுத்தார்கள். சாவியோடு வீட்டுக் கதையும் சேர்ந்து வரும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மகன் குடிக்கிறான், எதற்காக அவசரமாக விற்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதுவும் அவள் வாயிலிருந்து வெளியே வராது.

பக்கத்து மாவட்டத்தில் ஆளில்லாத வீட்டைக் காட்டப் போன ஒரு பெண்ணை, வாங்க வந்தவனாக நடித்தவன் அடித்துப் போட்டுவிட்டுப் போனான். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் செய்தி கேட்டதிலிருந்து நெல்டாவின் புருஷன் டாயலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேஸ் லாரி ஓட்டுகிறவன். அவள் எந்தக் காட்டுப்பாதையில் எந்த வீட்டுக்குத் தனியாகப் போகிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்தநாளுக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வாங்கி வந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. கைப்பையின் பக்க அறையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

சின்னதாக இருந்ததுதான் தொல்லையாகப் போயிற்று. குறி பார்ப்பதற்காகக் குழல் நுனியில் இருந்த முள் அரிசிப் பருமன்கூட இல்லை. நெல்டா கண்ணாடி போட்டால் முள் தெரிந்தது, இலக்கு மங்கியது. கழற்றினால் இலக்கு தெரிந்தது, முள்ளைக் காணோம். சுடும் பயிற்சித் திடலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற டிரீவா இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, லேசர் ஒன்று பொருத்திக்கொள்ளச் சொன்னாள். பிடியை இறுக்கினால் நடுவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான் அமுங்கும். குண்டு எங்கே போகுமோ அங்கே சிவப்பாக ஒரு புள்ளி விழும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் நாள் அந்தப் புள்ளி காகிதத்தின்மேல் கொசு மாதிரி அலைந்தது. இந்தச் சாமான்தான் சரியில்லை என்றாள் நெல்டா.

"சாமான்ல ஒண்ணும் கோளாறு இல்ல. உன் கை முன்னாடியும் இப்படித்தான் ஆடிட்டு இருந்துச்சு, இப்பத்தான் உன் கண்ணுல படுது" என்றாள் டிரீவா. "புள்ளியைத் துரத்தாத. அது பாட்டுக்கு ஆடட்டும். நீ விசையை மெதுவா இழு."

அதிலிருந்து சாயங்காலம் சமையலை முடித்ததும், குண்டுகளை எடுத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு, வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துப் பழகுவாள். டாயல் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வான்: "அதை நான் ஒரு தடவை கொன்னதே போதும் நெல்டா. பாவம், விட்டுரு." குளிர்காலம் முடிவதற்குள் புள்ளி அடங்கிவிட்டது. மானின் மூக்கில் வைத்தால் மூக்கிலேயே நின்றது. தன் கையால் இப்படி ஒன்று முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. திடலில் மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

அந்த வசந்தத்தில்தான் இமோஜீன் மாபரியின் வீடு விற்பனைக்கு வந்தது. இமோஜீன் நெல்டாவின் தேவாலயத்துக்காரி, வயதானவள், இடுப்பு உடைந்து முதியோர் விடுதியில் படுத்திருந்தாள். வெளியூரில் இருந்த மகள் விற்பனையைப் பார்த்துக்கொண்டாள். மகன் கார்லன் உள்ளூர்தான், கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவான். பெரிய உடம்பு, சாதுவான ஆள். சின்ன வயதிலிருந்தே நெல்டாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் அவனுக்கு வேதாகமக் கதை சொன்னவளே அவள்தான்.

வாங்க வருகிறவர்களுக்கு முன்பே போய் ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்று ஒரு பிற்பகல் நெல்டா அங்கே போனாள். முற்றத்தில் வண்டி எதுவும் இல்லை. சமையலறையில் நிற்கும்போது பின்னறையில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. யார் என்று கேட்டாள். சத்தம் நின்றது, பதில் இல்லை. துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது என்பது அவளுக்குப் பிற்பாடும் நினைவில்லை. கதவு திறந்தது. திரை மூடிய இருட்டறைக்குள் ஒரு பெரிய உருவம் நின்றது. அதன் மார்பில் சிவப்புப் புள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவன் தலையைக் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தான். கையிலிருந்தது கீழே விழுந்தது. இமோஜீனின் பழைய வானொலிப் பெட்டி.

"அக்கா, நான்தான். கார்லன்."

குரல் கேட்ட உடனே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கை இறங்கவில்லை. விரல் விசையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பிடி இறுகிப்போயிருந்தது. பிடி தளராமல் புள்ளி அணையாது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அந்தச் சிவப்பையே பார்த்தபடி, அக்கா, அக்கா என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சாம்பல் நிறப் பேன்ட்டில் ஈரம் இறங்குவதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவள் விரல்கள் விட்டன.

விடுதியில் அம்மாவுக்கு அவளுடைய வானொலி இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று எடுத்துப்போக வந்திருக்கிறான். அவனிடம் சாவி இல்லாததால், பின்கதவுத் தாழ்ப்பாளைச் சின்னப்பிள்ளையில் தள்ளித் திறந்த மாதிரியே திறந்திருக்கிறான். முற்றம் சேறாக இருந்ததால் வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் விட்டிருக்கிறான். அவள் குரல் காதில் சரியாக விழவில்லை. தொழிற்சாலை இரைச்சலில் பாதிக் காது போயிருந்தது. நெல்டா மன்னிப்புக் கேட்டாள், அழுதாள். பரவாயில்லைக்கா, நீங்க பயந்துட்டீங்க, அவ்வளவுதானே என்று அவனே அவளைத் தேற்றினான். வானொலியை முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் போனான்.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். டாயல் அவளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தாள். சுட்டிருப்பேனே என்கிற இடத்துக்கு வந்ததும் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அதைத் தாண்டுவதற்காகப் பேன்ட் நனைந்ததைச் சொன்னாள். டாயல் புக்கென்று சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அன்றைக்கு அப்போதுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

டாயல் அதைத் தீவனக் கடையில் சொன்னான். அவன் கெட்ட எண்ணத்தில் சொன்னவன் இல்லை. பெண்டாட்டியின் தைரியத்தைத்தான் சொன்னான். அது டிரீவா காதுக்குப் போயிற்று. அடுத்த வகுப்பில் டிரீவா, லேசரின் பயனே இதுதான், சுடாமலே காரியம் முடிந்துவிடும், நெல்டாவையே கேளுங்கள் என்றாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நெல்டா சொன்னாள். பெயரை மட்டும் விட்டுவிட்டாள். ஆனால் மாபரி வீடு என்று சொன்ன பிறகு அந்த ஊரில் பெயர் எதற்கு? கடைசியில் ஈரத்தையும் சொன்னாள். எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வீட்டில் சொன்னதைவிட அங்கே இன்னும் நன்றாகச் சொன்னாள். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

ஈஸ்டர் முடிந்து தேவாலயத்தில் பொதுச் சாப்பாடு நடந்தது. கெளுத்தி மீன் வறுவலும் சோள உருண்டையும் எடுத்துக்கொண்டு கார்லன் மேசையைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். தீவனக் கடைக்காரர்கள் இருந்த மேசையிலிருந்து, பூனைக்கு விளையாட்டுக் காட்டுகிற லேசர் விளக்கு ஒன்றை எவனோ அடித்தான். சிவப்புப் புள்ளி கார்லனின் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். தட்டு கையிலிருந்து நழுவியது, இரண்டு கையும் தாமாக மேலே போயின. அப்புறம் அந்தக் கூடமே சிரித்தது. நல்ல மனிதர்கள்தான், அவன்மேல் பிரியம் உள்ளவர்கள்தான், அவர்களும் சிரித்தார்கள்.

கார்லனும் சிரிக்கப் பார்த்தான். மண்டியிட்டு மீனையெல்லாம் பொறுக்கித் தட்டில் வைத்தான். நிமிரும்போது அவன் கண் நெல்டாவைத் தேடிக் கண்டுபிடித்தது. அவள் எழுந்து போய் அவனோடு பொறுக்கியிருக்கலாம். அந்த ஆளைப் பார்த்து நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். கையில் எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அடுத்த வாரம் பாடகர் குழுவில் அவன் இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும். நெல்டா அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வண்டியின் முன்மூடியைத் திறந்துவைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். மரியாதையாக வரச் சொன்னான், உட்கார நாற்காலி எடுத்துப் போட்டான். துப்பாக்கியை நீட்டியதற்கு அவள் மறுபடியும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே குறுக்கிட்டான்.

"அதுல எனக்குக் கோவம் இல்லக்கா. குரல் கொடுக்காம உள்ள நின்னது என் தப்பு. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்."

"பின்ன என்ன கார்லன்?"

"அந்த அறையில நாம ரெண்டு பேர்தானே இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னான். அவள் வாயைத் திறந்தாள். டாயல்தான் வெளியே சொன்னான் என்று சொல்ல வந்தாள். அதற்குள் திடலில் கைகொட்டின பெண்களின் முகம் கண்முன் வந்தது. அவன் மறுபடி வண்டிக்குள் குனிந்துகொண்டான். அவள் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கோடையில் கார்லன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஃபோர்ட் ஸ்மித் பக்கம் போய்விட்டான். வீட்டை நெல்டாவேதான் விற்றுக் கொடுத்தாள். இளம் தம்பதி, முதல் குழந்தை வயிற்றில். பின்னறையைக் காட்டும்போது அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். நல்ல வெளிச்சமான அறை என்று அந்தப் பெண் திரையை விலக்கிவிட்டுச் சொன்னாள்.

டாயலிடம் அவள் சண்டை போட்டாள். ஏன் சொன்னாய் என்று கேட்டாள். அவன் பாவமாக, "சொல்லாதன்னு நீ சொல்லலையே நெல்டா. நீயும்தானே சிரிச்ச" என்றான். அது உண்மை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். லேசரைத் துப்பாக்கியிலிருந்து அவளே கழற்றினாள். துப்பாக்கியை மட்டும் பையில் வைத்திருந்தாள். காட்டுப்பாதையும் ஆளில்லாத வீடும் அப்படியேதான் இருந்தன, பயமும் போய்விடவில்லை. டிரீவாவின் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். எப்போதாவது யாராவது பெண் லேசர் நல்லதா என்று கேட்டால், கண் மங்கினவர்களுக்கு நல்லதுதான் என்பாள். கதை இருக்கிறதாமே என்று கேட்டால், அப்படி எதுவும் இல்லை என்பாள்.

இரண்டு குளிர்காலம் கழித்து இமோஜீன் இறந்துபோனாள். நெல்டா செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பீக்கன் கொட்டை போட்ட இனிப்பு ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு டாயலோடு ஃபோர்ட் ஸ்மித் போனாள். அடக்க ஆராதனையில் கார்லன் வேறொரு பாடகர் குழுவோடு நின்று பாடினான். குரல் அப்படியே இருந்தது. முடிந்ததும் வரிசையில் நின்று அவன் கையைப் பிடித்தாள். உடம்பு இளைத்திருந்தான்.

"அம்மாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றிங்க, மிஸஸ் ஹார்கிஸ்" என்றான்.

குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. அறிமுகமில்லாத, வயதில் மூத்த பெண்ணிடம் பேசுகிற மரியாதை. அவள் கொண்டுவந்த இனிப்பை வாங்கி, அந்த ஊரில் கட்டிக்கொண்ட மனைவியிடம் கொடுத்துவிட்டு, அடுத்து நின்றவருக்குக் கை நீட்டினான்.

திரும்பி வரும் வழியில் மழை பிடித்தது. டாயல் வண்டியை மெதுவாக ஓட்டினான். எல்லாம் நல்லபடியாக நடந்தது, அந்தப் பையன் நன்றாகப் பாடினான் என்றான். ஆமாம் என்றாள் நெல்டா. ஓசார்க் ஊரில் நிறுத்திக் காப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் ஆற்றோரம் ஒரு வீடு காட்ட வேண்டியிருந்தது. மழை இப்படியே பெய்தால் அந்த மண்பாதையில் கார் ஏறுமா என்று அவள் கேட்டாள். லாரியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் அவன்.