கேப்டன் லாசரஸின் வம்சம்

ஓலீட்டா ஸ்டாம்பருக்கு மறதி என்ற பாக்கியம் வாய்க்கவில்லை. கெண்டக்கி மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எவன் இரண்டாவது தடவை ரொட்டி கேட்க வெட்கப்படுவான் என்பதெல்லாம் இன்றும் அவளுக்கு மனப்பாடம். 1988 ஏப்ரலில் ஒரு தூறல் நாளில், ஸ்டாம்பர் குடும்பத்துக் கல்லறைக் குன்றின் இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு முன்னால் நின்றவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்பதும் மனப்பாடம். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நின்றவன் வெர்லன், அவளுடைய பெரியப்பா ஹோபர்ட்டின் மகன்.

கதவுக்கு வெளியே வண்டியில் ஸெல்ஃபா அத்தையின் சவப்பெட்டி இருந்தது.

“அப்பா கூடாதுன்னுட்டாரு, ஓலீட்டா. நான் என்ன பண்ணட்டும்?”

“சாவி உன் கையிலதானே இருக்கு?”

“சாவி என்னுது. குன்னு அவரோடது.”

நெடுஞ்சாலை ஓரத்துப் பொதுக் கல்லறையில் அத்தையைப் புதைத்தார்கள். நிலக்கரி லாரி போகும்போதெல்லாம் அங்கே மண் அதிரும். பாதிரியார் ஜெபம் முடிப்பதற்குள் நாலு லாரி போயின. ஓலீட்டா அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓலீட்டாவுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா சுரங்கத்துக்குப் போகிறவர். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவார். பிள்ளையைக் குளிப்பாட்டியது, ஜடை பின்னியது, காய்ச்சலுக்குக் காட்டுப் புதினா கஷாயம் வைத்தது, கணக்குப் பாடத்தில் திட்டியது எல்லாம் அப்பாவின் தங்கை ஸெல்ஃபா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொய் சொன்னால் மட்டும் அடிப்பாள். மற்ற எதற்கும் கை நீட்டமாட்டாள். சொந்தக்காரர்கள் கடைத்தெருவில் எதிரே வந்தால் அத்தையைப் பார்க்காததுபோல் போவார்கள். ஏன் என்று அத்தையும் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

அப்பா சாகிற சமயத்தில்தான் சொன்னார். 1947இல் வேலித் தகராறில் டெல்மர் என்கிற பக்கத்து நிலத்துக்காரனை ஹோபர்ட் சுட்டுவிட்டான். பார்த்தது ஸெல்ஃபா ஒருத்திதான். கோர்ட்டில் ஏறி, பார்த்ததைச் சொன்னாள். ஹோபர்ட் ஆறு வருஷம் சிறையில் இருந்தான். ஸெல்ஃபா சாட்சி சொன்ன அன்றைக்கு ராத்திரியே ஹோபர்ட்டின் மனைவி துணி வெட்டுகிற கத்தரிக்கோலோடு வீடு வீடாகப் போனாள். அதற்கு முந்தைய வருஷம், பையன்கள் போரிலிருந்து திரும்பிய சந்தோஷத்தில் முப்பத்தெட்டுப் பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட குடும்பப் படம் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கியது. ஒவ்வொன்றிலிருந்தும் ஸெல்ஃபாவை வெட்டி எடுத்தாள். ஒரே ஓர் இடத்தில் அவளால் வெட்ட முடியவில்லை. படத்தில் ஹோபர்ட்டின் மனைவி மடியில் கைக்குழந்தை வெர்லன். அவனுடைய கழுத்து நிற்காத தலையைப் பக்கத்திலிருந்து ஸெல்ஃபாவின் கை தாங்கிப் பிடித்திருந்தது. அதை வெட்டினால் பிள்ளையின் தலையும் போகும். அதனால் இன்றும் அந்தப் படத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு கை இருக்கிறது.

வெர்லன் வளர்ந்து காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குடும்ப வரலாற்று நூல் எழுதினான். முன்னூற்று நாற்பது பக்கம். அந்தப் படம்தான் அட்டை. உள்ளே, “ஹோபர்ட் 1947 முதல் 1953 வரை ஒஹையோவில் பணிபுரிந்தார்” என்று இருந்தது. ஸெல்ஃபா என்ற பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று வெளியாள் கேட்கலாம். ஸ்டாம்பர் குடும்பத்தில் அப்படிக் கேட்க முடியாது. மே மாதக் கடைசி ஞாயிறு குன்றில் எல்லாரும் கூடுவார்கள். கல்லறைகளைச் சுரண்டிக் கழுவி, புல் செதுக்கி, சாப்பிட்ட பிறகு, வெர்லன் அந்தப் புத்தகத்தைப் பார்த்து இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவான். பெயருக்குரியவரின் வாரிசு எவராவது எழுந்து, “இங்கதான் இருக்கோம்” என்று சொல்லிப் பூ வைக்கவேண்டும். பிறந்த அன்றே செத்த குழந்தைகளுக்குக்கூட யாராவது எழுந்து நிற்பார்கள். முப்பது வருஷமாக ஓலீட்டா ஒரு பூ அதிகமாகக் கொண்டுபோய் அதைத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே தேடத் தொடங்கினாள். கோர்ட்டின் நிலவறையில் எலிப்புழுக்கை நாற்றத்துக்கு நடுவே மூன்று நாள் உட்கார்ந்து, வழக்கின் முப்பத்தொரு பக்கத்தையும் நகல் வாங்கினாள். வெட்டாத படம் இருக்கிறதா என்று கேட்டு, ஊர் விட்டுப் போன ஸ்டாம்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாள். அறுபது கடிதம். டேட்டன் நகரத்தில் ஒருத்தியிடமிருந்து உறை வந்தது. அவளுடைய அம்மா வழக்குக்கு முன்பே ஊரை விட்டுப் போனவள். கத்தரிக்கோல் அங்கே எட்டவில்லை.

முழுப் படம். இருபத்தைந்து வயது ஸெல்ஃபா, பாதி மூடிய கண்ணோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். படம் எடுக்கிற நேரத்தில் யாரோ ஏதோ கேலி செய்திருக்கவேண்டும். அத்தை இப்படிச் சிரித்து ஓலீட்டா ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

படத்தையும் நகலையும் வெர்லனிடம் கொண்டுபோனாள். அவன் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

“இதெல்லாம் எதுக்கு இப்ப? பெரியவங்க காலத்துக் கதை. புக்கு சந்தோஷமா இருக்கணும் ஓலீட்டா.”

“அத்தை பேரு போட்டா சந்தோஷம் கொறைஞ்சிருமா?”

“எங்க அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பினவ பேரை நான் அச்சடிக்கணுமா?” பிறகு கொஞ்சம் சிரித்தான். “நீ சோத்துக் கரண்டி புடிச்ச கை. ஆராய்ச்சியெல்லாம் எங்ககிட்ட விட்டுரு.”

அவள் நகலை உறைக்குள் வைத்தாள். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஓலீட்டா ‘நல்லது’ என்று சொன்னால் எதிராளி வீட்டை விட்டு ஓடவேண்டும்.

வெர்லனுக்கு ஒரு குறை இருந்தது. ஸ்டாம்பர் வம்சம் ஐசம் என்ற ஒருவரோடு முட்டுச்சந்தில் நின்றது. ஐசமின் தகப்பன் யார் என்று எவருக்கும் தெரியாது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்ட ஒரு பாட்டன் கிடைத்தால், அந்த வீரர்களின் வாரிசுகள் சங்கத்தில் சேர்ந்து பட்டயம் மாட்டிக்கொள்ளலாம் என்று அவன் இருபது வருஷமாகத் தவம் கிடந்தான். அவனுடைய ஆராய்ச்சி எப்படிப்பட்டது என்பதும் ஓலீட்டாவுக்குத் தெரியும். இணையத்தில் மற்றவர்கள் போட்டு வைத்த வம்ச மரங்களைத் திறப்பான். தனக்கு இனிப்பாக இருக்கும் கிளையை ஒடித்துத் தன் மரத்தில் ஒட்டுவான். மூலப் பத்திரத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் செய்கிற வேலைதான் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், ஓலீட்டா இணையத்தில் இருந்த தன் வம்ச மரத்தில் ஐசமுக்கு ஒரு தகப்பனைப் பிறப்பித்தாள். கேப்டன் லாசரஸ் ஸ்டாம்பர். மனைவி டபிதா. பிள்ளைகள் ட்ரூஸில்லா, கெட்டூரா, மெஹிடபெல், ஒபதையா. அவள் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த மூன்று பெட்டைகளின் பெயரும் ஒரு சேவலின் பெயரும். டபிதா, அடைகாத்தே செத்துப்போன பழைய கோழி. ஆதாரம் என்ற கட்டத்தில் பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ‘ஓலீட்டா வீட்டுக் கோழிக்கூண்டுப் பதிவேடு, ஐந்தாம் பக்கம்’ என்று உள்ளதை உள்ளபடி போட்டாள். ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும், அம்பலமாகிவிடும்.

நாலே நாளில் வெர்லனின் மரத்தில் கேப்டன் ஏறிவிட்டார். ஒரு மாதத்தில் எண்பது மரங்களில் இருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குக் குதிரை மேல் உட்கார்ந்த படம்கூடச் சேர்த்திருந்தான்.

சமையலறையில் கூட வேலை பார்த்த லூட்டீ இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள்.

“அடியே, அப்ப வெர்லன் உன் கோழிக்கு எள்ளுப்பேரனாடி?”

“அவன் நடையைப் பாத்தா தெரியலையா?”

“கொழுப்புடி உனக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா ஸெல்ஃபா இருந்திருந்தா உன்னை வெளக்குமாத்தால வெளுத்திருப்பா. அண்ணனுக்காகக்கூடப் பொய் சொல்லாதவ அவ.”

“இருந்திருந்தாதானே.”

அதைச் சட்டென்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த வாரம் டெக்ஸாஸிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் செய்தி அனுப்பியிருந்தாள். கேப்டன் லாசரஸைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி, என் தாத்தா சாகுமுன் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார் என்று. ஓலீட்டா அதைப் பலமுறை படித்தாள். சாப்பாட்டில் மண் கடிபட்டதுபோல் இருந்தது. பதில் எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்துவிட்டாள். கேப்டனை அழிக்கவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் வெர்லன் நூலின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தான். கூடவே குன்றின் உச்சியில் ஆளுயரக் கருங்கல் ஒன்று நட்டான். கேப்டன் லாசரஸ், டபிதா, நாலு பிள்ளைகள், எல்லாப் பெயரும் பொன்னெழுத்தில்.

மே மாதக் கடைசி ஞாயிறு. கல் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. மரத்தடி மேசைகளில் கோழி டம்ப்ளிங், அவரைச் சாறு, மக்காச்சோள ரொட்டி, ஆப்பிள் அடுக்குக் கேக். ஓலீட்டா அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து மசாலா அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். கேப்டனின் மூத்த மகள்கள் அந்த வாரம் இட்டவை. வெர்லன் நின்றபடியே மூன்று தின்றான்.

“முட்டை பிரமாதம் ஓலீட்டா.”

“நம்ம வம்சத்துக் கைப்பக்குவம். கொஞ்சம் வண்டிப் பக்கம் வா. ரெண்டு காகிதம் காட்டணும்.”

வண்டியின் பின்பலகையில் இரண்டு தாளையும் விரித்தாள். ஒன்று அவளுடைய மரத்தின் ஆதாரக் கட்டம், பெரிய எழுத்தில் அச்சடித்தது. அதன் கீழே நாலு கோழிகளின் வண்ணப் படம், பெயரோடு. வெர்லன் இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். படித்தான். மறுபடி படித்தான். வாயோரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் கரு அப்படியே இருந்தது.

“ஒபதையா...”

“சேவல். கொத்தும், ஜாக்கிரதை.”

“நீ... ஏன்டீ... எத்தனை பேரு வந்திருக்காங்க தெரியுமா? பத்திரிகைக்காரன் வந்திருக்கான்!”

“தெரியும். நான்தான் போன் பண்ணி வரச்சொன்னேன்.”

அவனுக்கு எழுபத்து மூன்று வயது. பின்பலகையைப் பிடித்துக்கொண்டான். அவன் விழுந்துவிடுவானோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பூட்டிய இரும்புக் கதவு ஞாபகத்துக்கு வந்ததும் அந்தக் கணம் போய்விட்டது.

“உனக்கு என்னதான் வேணும்?”

“ரெண்டுல ஒண்ணை இன்னிக்கு எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும். நீ படிச்சா இது,” இரண்டாவது தாளைத் தொட்டாள், “அத்தை கோர்ட்ல சொன்னது, ஒரே பக்கம். நீ படிக்கலைன்னா நான் படிப்பேன், கோழிக்கதையை.”

“அப்பா கல்லறைக்கு முன்னாடி நின்னு இதைப் படிக்கச் சொல்றியா?”

“முன்னாடிதான். பின்னாடி நின்னா அவருக்குக் கேக்காது.”

வெகுநேரம் அவன் கல்லைப் பார்த்தான், துணியைப் பார்த்தான், மேசையைச் சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு இரண்டாவது தாளை எடுத்தான். கேப்டனை அவனால் கைவிட முடியவில்லை. இனி ஒவ்வொரு வருஷமும் உள்ளுக்குள் தெரிந்துகொண்டே அந்தக் கல்லுக்குப் பூ வைக்கப்போகிறான். அது அவளுக்கு மேலதிகமாகக் கிடைத்தது.

துணியை விலக்கினார்கள். கை தட்டினார்கள். பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினான். ஹோபர்ட்டின் பெயர் வந்தபோது வெர்லனே “இங்கதான் இருக்கோம்” என்று சொல்லிப் பூ வைத்தான். வைத்துவிட்டு அந்த இடத்திலேயே நின்றான்.

“ஸெல்ஃபா ஸ்டாம்பர்,” என்றான்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறிசுகளுக்கு அந்தப் பெயரே புதிது.

ஓலீட்டா எழுந்தாள். “இங்கதான் இருக்கேன்.”

பூவை வைக்கக் குன்றில் இடம் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள். வெர்லன் தாளைப் பிரித்தான்.

“அரசு வக்கீல்: சுட்டவர் உங்களுக்கு என்ன உறவு? ஸெல்ஃபா: எங்க அண்ணன். வக்கீல்: டெல்மர் கையில் ஆயுதம் இருந்ததா? ஸெல்ஃபா: வெதைக் கெழங்கு மூட்டை இருந்துச்சு. ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருந்தான். வக்கீல்: தன்னைக் காத்துக்கொள்ளவே சுட்டதாக உங்கள் அண்ணன் சொல்கிறாரே? ஸெல்ஃபா: குண்டு முதுகுல பட்டிருக்குங்க.”

அவன் குரல் தேய்ந்து மூச்சாகிவிட்டது. கடைசி வரியை முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டும் கேட்டிருப்பார்கள். தாளை மடிக்கப் போனான். அவன் கன்னம் நனைந்திருந்ததை ஓலீட்டா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“வெர்லன்,” என்றாள். “பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. மொதல்லேருந்து படி.”