கறுப்புச் செடிக்குச் சாரல் குளியல்

தென்காசியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம், ரோஜாப்பூ விரிந்தது போன்ற கறுப்பு எச்செவேரியா செடி இருக்கிறது. சதைப்பற்றான இலைகள் என்பதால் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். போன குற்றால சீசனில் என் கணவர், "ஏட்டி, ஊரே சாரல்ல நனையுது, இது மட்டும் உள்ள கெடந்து காயுது பாரு" என்று அதை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தார். நானும் ஆசையாகப் போட்டோ எடுத்தேன். ஒரே வாரம்! தொட்டதும் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தண்டின் அடி அழுகியிருந்தது. அழாத குறையாக நுனிக்கொத்தை வெட்டி, நிழலில் நாலு நாள் உலர்த்தி, மணல் கலந்த மண்ணில் நட்டேன். பிழைத்துவிட்டது! உதிர்ந்த இலைகளில் இரண்டுகூட குட்டிச்செடி விட்டிருக்கின்றன.

இப்போது சாரல் தொடங்கியதும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். துண்டோடு அருவிக்குக் கிளம்பும் கணவரிடம் சொல்வேன்: "நீங்க மட்டும் போயிட்டு வாங்க, செடி வராது!"