தொப்புள் வைத்த துஹோ

செதுக்கத் தொடங்குமுன் கட்டையை நாலு வார்த்தை திட்டிவிடுவாள் அனாயமா. "என்ன முறைப்பு? உன்னைவிட முரடெல்லாம் எங்கிட்ட அடங்கியிருக்கு" என்று சொல்லி, விரல் முட்டியால் இரண்டு தட்டு வைப்பாள். குவாயக்கான் மரத்துக்கு அது தேவைதான். தண்ணீரில் போட்டால் மூழ்கும்; வெட்டினால் கல்கோடரியின் வாய் பெயரும். அனாயமா அதன் மேல் தணலை வைத்துக் கருக்குவாள், கருகியதைச் சிப்பியால் சுரண்டுவாள், மறுபடி தணல் வைப்பாள். தலைவர்கள் உட்காரும் ஒரு துஹோ முடிய இரண்டு மழைக்காலம் ஆகிவிடும்.

எங்கள் தீவில் மரவேலை பெண்களுடையது. இத்தனை வருடப் புகையில் அனாயமாவின் கண் மங்கிப்போய்விட்டது. அதனால் எதையும் விரலால்தான் பார்ப்பாள். மீனை அழுத்திப் பார்ப்பாள், மிளகாயைக் கிள்ளிப் பார்ப்பாள். "எம்புருஷனையே தடவிப் பாத்துத்தான் எடுத்தேன். அப்பவும் ஏமாந்துட்டேன்" என்பாள். அவள் கணவன் பக்கத்தில் வலை பின்னியபடி கேட்டுக்கொண்டிருப்பான். அனாயமாவின் ஒரு கையில் மரவள்ளி அப்பம் இருந்தால் மறு கை திருக்கைத் தோலால் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் பெரிய தீவிலிருந்து ஹிகுவாரா படகில் வந்தாள். தலைவர் ஹாத்திபோவின் அக்காள் அவள். அனாயமாவிடம் முடியும் தறுவாயில் இருந்த துஹோ ஒன்றைச் சுட்டிக் காட்டினாள். அதில் மல்லாந்து கிடக்கும் ஒரு மனித உருவம். அதன் கைகால்களே ஆசனத்தின் கால்கள், வயிறுதான் உட்காரும் இடம்.

"இதே போதும். தொப்புள் மட்டும் வேணாம்" என்றாள்.

சுற்றியிருந்த பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உயிரோடிருப்பவர்களுக்குத்தான் தொப்புள். செத்து ஓப்பியாவாக அலைபவர்களுக்கு அது கிடையாது. தம்பியை உட்கார வைத்துப் புதைக்க அக்காள் ஆசனம் கேட்கிறாள்.

அனாயமா சிப்பியைக் கீழே வைத்தாள். "மூச்சு இருக்கில்ல?"

"இருக்கு. ரெண்டு மாசமா காய்ச்சல். வைத்தியரே கைய விரிச்சிட்டாரு."

"அவரு விரிக்கட்டும் தாயி. புயல் அடிச்ச வருசம் தோட்டத்துல ஒரு கெழங்கு மிஞ்சல. உங்க தம்பி மூணு படகு நெறைய அப்பம் அனுப்பி, நாலாவது படகுல அவரே வந்தாரு. எம்பொண்ணுங்க ரெண்டு பேரும் அவரு கையால வாங்கித் தின்னுதான் இன்னிக்கு நடமாடுதுங்க. அவரைப் பொணமா என்னால செதுக்க முடியாது."

ஹிகுவாரா கரையோரம் போய் உட்கார்ந்து அழுதாள். விடிவதற்குள் அனாயமா துஹோவின் வயிற்றில் ஆழமாக ஒரு தொப்புளைக் குடைந்து, பாயில் சுற்றிப் படகில் ஏற்றிவிட்டாள்.

அதன்பின் எங்களுக்குத் தூக்கம் போயிற்று. தலைவர் இறந்துவிட்டால், தொப்புளுள்ள ஆசனத்தில் புதைபட்டவரைச் செத்தவர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழியை அவர் குடும்பம் எங்கள் தலையில்தான் போடும். ஒரு நிலவு தேய்ந்து வளர்ந்தது, சேதி இல்லை. அனாயமா மரத்தைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் படகு வந்தது. பின்னால் ஹிகுவாரா. முன்னால் பஞ்சுத் துணி போர்த்திய எலும்பும் தோலுமான ஓர் உருவம்.

"கிட்ட போகாதீங்கடி. இருட்டப்போகுது, ஓப்பியா வர்ற நேரம்" என்று பெண்கள் பின்வாங்கினார்கள். அனாயமாவின் கணவன் வலையைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடிவிட்டான்.

உருவம் மெல்லத் தண்ணீரில் இறங்கியது. "அனாயமா யாரு?"

அனாயமா முழங்கால் தண்ணீருக்கு நடந்து போனாள். தலைவரின் உடம்பை அந்நியர் தொடுவது எங்களில் கேள்விப்படாத காரியம். அவளோ போர்வையை விலக்கி வயிற்றில் விரலை வைத்துத் துழாவினாள். ஹிகுவாரா எழுந்துவிட்டாள்.

தலைவர் அக்காளைக் கையமர்த்திச் சிரித்தார். "என்னம்மா, நீ மரத்துல வெச்சது எனக்கும் இருக்கா?"

"கொஞ்சம் பேசாம நில்லுங்க ஐயா" என்றாள் அனாயமா. விரல் தொப்புளுக்குள் நுழைந்தது. கண்ணீர் தாடையில் வழிந்தது. அலை இரண்டு முறை வந்து மோதிப் போன பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.